எண்ணெய் வைக்கும் தலைக்கு எந்த ஒட்டுமுடி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் யாங்கூனில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். காளியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் நாங்கள். உங்கள் பத்திரிகையின் மகளிர் பக்கத்தைச் சென்னையில் இருக்கும் என் தங்கை மகள் போனில் அனுப்பிவைப்பாள். முதல் தடவையாக ஹேர் எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டுமுடி வைத்துக்கொள்ளும் பெண்களுக்கென்று அதில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கிளிப், டேப், கெரட்டின் பசை, தையல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை வாரம் தாங்கும், என்ன விலை என்று பட்டியலும் போட்டிருந்தீர்கள். அடுத்த வாரமே ஒரு பெரியவர் கடிதம் எழுதியிருந்தார். யாரோ ஒருத்தியின் முடியைத் தலையில் ஒட்டிக்கொண்டு திரிவது இந்தக் காலத்துப் பெண்களின் வியாதி, நம் பாட்டிமார் இதையெல்லாம் கண்டதே இல்லை என்று கோபப்பட்டிருந்தார்.

பெரியவருக்கு ஒரு பதிலும், கட்டுரை எழுதியவருக்குச் சில விவரமும் சொல்ல வேண்டும். நானும் சமீபத்தில்தான் முதல் தடவையாக வைத்துக்கொண்டேன். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது. உங்கள் கட்டுரைப் படத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது இருக்கலாம்.

பெரியவருக்கு முதலில். ஐயா, உங்கள் வீட்டில் சவரி இருந்ததில்லையா? எங்கள் வீட்டில் சாமி அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அம்மாவின் சவரி தொங்கும். தலை வாரும்போது சீப்பில் வரும் முடியை அம்மா எறியவே மாட்டார். விரலில் சுற்றி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார். பாட்டில் நிறைந்ததும் அதைக் கட்டித் தரத் தெரிந்த ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்து, சிக்கெடுத்து, கறுப்பு நூலில் முடிந்து கொடுப்பார். பண்டிகை என்றால் அம்மாவின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும், நுனியில் குஞ்சலம். மற்ற நாளில் மெல்லிய கொண்டைதான். ஊரில் யாருக்கும் அது வியாதியாகத் தெரியவில்லை. கல்யாணப் பெண்ணுக்குப் பூ வைத்துத் தைக்கும் ஜடைக்குள்ளும், பரதநாட்டியம் ஆடும் பிள்ளையின் ஜடைக்குள்ளும் இன்றைக்கும் சவரிதானே இருக்கிறது. பர்மியப் பெண்களும் கொண்டைக்குள் முடிக்கற்றை வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். புத்தரின் எட்டுக் கேசங்களை உள்ளே வைத்து எழுப்பியது என்று நம்புகிற ஷ்வேடகன் பகோடாவைத் தினம் அண்ணாந்து பார்க்கிற ஊரில் இருக்கிறேன். இங்கே முடியை யாரும் அற்பமாக நினைப்பதில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். காய்ச்சல் விட்டு, பிளேட்லெட் ஏறி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தபோது தீபாவளிக்கு முன்னால் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், குளியலறை ஜாலியில், தைத்துக்கொண்டிருக்கும் துணியில்கூட. வாடிக்கைக்காரம்மா ஒருவர் ரவிக்கையின் அக்குளில் ஒட்டியிருந்த என் முடியை எடுத்து என்னிடமே நீட்டினார். டாக்டரிடம் கேட்டேன். கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டுவது சகஜம், வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும் என்றார். ரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். முளைக்கிற முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும் என்றும் சொன்னார். அண்ணன் மகள் கல்யாணம் தை மாதம். நான் அத்தை. சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டியவள் நான். பின்னாலிருந்து வீடியோக்காரர் எடுப்பது என் தலையைத்தான். அரை அங்குலக் கணக்கு எனக்கு எப்படிக் கட்டும்?

கொண்டை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். போடலாம். கொண்டைதான் போடப்போகிறோம் என்றால் இந்தச் செலவே வேண்டாம். ஒரு சின்னச் சவரி, மேலே ஒரு வலை, அதைச் சுற்றி மல்லிகை, அவ்வளவுதான். இதை உங்கள் கட்டுரை சொல்லியிருந்தால் பல பேருக்குக் காசு மிச்சமாகியிருக்கும். எனக்கு அந்தக் கல்யாணத்தில் பின்னல் போட ஆசை. ஆசைக்குக் காரணம் கேட்காதீர்கள்.

நான் போன சலூனின் பெயர் வேண்டாம். நல்ல கூட்டம் வரும் இடம், கண்ணாடி பளபளக்கும், கரண்ட் போனால் ஒரு நொடியில் ஜெனரேட்டர் ஓடும். வேலை செய்த பெண் சின்னவள், கை சுத்தம். 'ஆன்டிக்கு டேப்தான் நல்லது, தலையில் இருப்பதே தெரியாது' என்றாள். வால் சீப்பின் நுனியால் காதிலிருந்து காதுவரை ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே பிரிகிற முடியில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய படலத்தை மட்டும் எடுத்தாள். அந்தப் படலத்துக்கு அடியில் ஒரு டேப் துண்டு, மேலே ஒன்று. நடுவில் என் முடி. வேரிலிருந்து ஒரு நூல் இடம் விட்டு, இரண்டையும் இடுக்கியால் அழுத்தினாள். ஒவ்வொரு துண்டும் இரண்டரை கிராம் எடை, நாற்பது துண்டு சேர்ந்தால் நூறு கிராம். ரவிக்கைக் கழுத்துக்கு பைப்பிங் வைக்கிற நேர்த்தியில் வைத்தாள். அந்தத் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

உட்காருவதற்கு முன்னாலேயே நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பேன், மற்ற நாள் தேங்காய் எண்ணெய் வைப்பேன், பரவாயில்லையா? 'யடே, யடே' என்றாள். பர்மியில் ஆகும், ஆகும் என்று அர்த்தம். கல்லாவில் இருந்த முதலாளியம்மாவிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார்.

வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்தேன். எண்ணெய் ஊறட்டும் என்று ஒரு கைத்தையலை முடித்துவிட்டுத் தலையில் கை வைத்தால், பிடரியில் இருந்த துண்டு வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது. சீயக்காய் போட்டு அலசும்போது இன்னும் சில. மிச்சம் இருந்தவை பாதி பிடித்தும் பாதி தொங்கியும். அந்தத் தொங்கல்தான் மோசம். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் முடியில் ஒரு பக்கமாக எடை இழுத்தால் வேர் வலிக்கும். சலூனுக்குப் போனேன். 'எண்ணெய் பட்டால் பசை விடத்தான் செய்யும் ஆன்டி, நாங்களே கழற்றுவதற்கு எண்ணெய் கலந்த மருந்துதானே போடுகிறோம்' என்று இப்போது சொல்கிறார்கள்! கழற்றுவதற்குத் தனிக் கூலி, திரும்ப ஒட்டுவதற்கு இன்னொரு கூலி. கழற்றும் கூலியை மட்டும் கொடுத்துவிட்டு, முடியைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். டேப்புக்கும் கெரட்டின் பசைக்கும் எண்ணெய் ஆகாது. வேரோரம் எண்ணெய் படவே கூடாது. இது எந்த அழகுநிலையத்துக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் இந்தப் பசை முறைகள் தலையில் எண்ணெய் வைக்கிற பழக்கம் இல்லாத தேசங்களில் பிறந்தவை. அங்கே எழுதி வைத்ததை அப்படியே எடுத்துப் போட்டால், 'சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ பயன்படுத்தவும்' என்று வருமே தவிர நல்லெண்ணெய் பற்றி ஒரு வரி வராது. உங்கள் பத்திரிகையைப் படிக்கிற பெண்களில் எத்தனை பேர் தலைக்கு எண்ணெய் வைக்காதவர்கள்? சென்னையில் இருக்கும் என் தங்கை மகளே, ஆபீஸுக்குப் போகும்போது வைப்பதில்லை என்று பேருக்குச் சொல்வாள், சனி ஞாயிறில் ஊற்றிக்கொள்வாள்.

எண்ணெயை விடமாட்டேன் என்கிறவர்களுக்கு உங்கள் பட்டியலில் இரண்டு வழிதான். ஒன்று கிளிப். காலையில் மாட்டி ராத்திரி கழற்றிவிடுவது. மற்றது தையல். சொந்த முடியைத் தலையோடு ஒட்டினாற்போல் இறுக்கிப் பின்னி, அந்தப் பின்னலின் மேல் முடிப்பட்டையை ஊசி நூலால் தைப்பார்கள். அதில் பசை கிடையாது. ஆனால் முடி அடர்த்தியாக இருப்பவர்களுக்குத்தான் அது. காய்ச்சலில் கொட்டிய தலையும், வயதில் மெலிந்த தலையும் அந்த இழுப்பைத் தாங்காது. நாள்கணக்கில் வேரை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்திலும் பிடரியிலும் முடி போய்விடும். ரொம்ப நாள் இழுபட்டால் திரும்ப முளைக்காமலும் போகலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே கண் மேலே செருகும் அளவுக்கு இழுத்துப் பின்னி அனுப்புகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எடையும் அப்படித்தான். கட்டுரையில் 'முழுத் தலைக்கு 100 முதல் 150 கிராம்' என்று இருந்தது. சரியான கணக்குதான், அடர்த்தியான தலைக்கு. என் பின்னலை அறுத்து நிறுத்துப் பார்த்தால் அந்த நூறு தேறுமா என்பதே சந்தேகம். இருக்கிற முடியை விட அதிக எடையை அதன் தலையிலேயே ஏற்றினால் எப்படி? என்னைப் போன்றவர்களுக்கு ஐம்பது, அறுபது கிராம் தாராளம். பின்னலுக்கு நுனி மெலிந்து வருவதுதான் அழகு. வேரிலிருந்து நுனிவரை ஒரே கனமாக இருக்கிற 'டபுள் டிரான்' முடிக்கு அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. விரித்துப் போடுகிறவர்கள் அதை வாங்கட்டும்.

இனி, அது யாருடைய முடி என்கிற விஷயம். பெரியவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் விவரம் வேண்டும்.

சலூன் பெட்டியில் 'பிரேசிலியன்' என்று ஒட்டியிருந்தது. பக்கத்துப் பெட்டியில் 'வியட்நாம்'. அது வியாபாரப் பெயர், அதை வைத்து ஊரைச் சொல்ல முடியாது. என் கையில் இருந்த துண்டைப் பிரித்து, இரண்டு இழையை எடுத்து விளக்கில் காட்டினேன். பட்டு என்று சொல்லி யாராவது துணி கொண்டுவந்தால் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி எரித்துப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பட்டும் முடியும் எரிந்தால் ஒரே நாற்றம்தான், கோழியைப் பொசுக்கினாற்போல. சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். பிளாஸ்டிக் முடி உருகி, கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டு நிற்கும். நான் வாங்கியது அசல் முடிதான். அந்த மட்டில் சலூன் ஏமாற்றவில்லை.

அசல் முடியிலும் இரண்டு ஜாதி உண்டு. இதை எனக்குச் சொன்னது என்னிடம் ஹெம் மடிக்க வரும் ஒரு பர்மியப் பெண். அவள் ஊர் பியோப்வே. மண்டலே ரயிலில் போனால் யமேதினுக்கும் தாசிக்கும் நடுவில் வரும். இந்த நாட்டின் முடி வேலை பெரும்பாலும் அந்த ஊரில்தான். சீப்பில் வந்த முடி பந்து பந்தாக மூட்டையில் வரும். வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முழங்காலில் ஒரு துணியை விரித்துக்கொண்டு, கோணி ஊசியால் அந்தப் பந்தை ஒவ்வொரு இழையாகப் பிரிப்பார்கள். அப்புறம் பலகையில் ஆணி அடித்து நிறுத்திய பெரிய சீப்பில் இழுத்து இழுத்து, நீளம் பிரித்து, ரப்பர் போட்டுக் கட்டுவார்கள். தூசியில் மூக்கெல்லாம் அடைக்கும், பேன் முட்டை வேறு என்றாள். சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் அவளுக்கு அதுதான் வேலையாம். அவள் என் துண்டை வாங்கி, நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் வைத்து மேலும் கீழும் உருவினாள். ஷாம்பூ போட்டு அலசச் சொன்னாள். காய்ந்ததும் மறுபடி உருவிப் பார்த்துவிட்டு, 'இது எங்கள் ஊர் வழியாகத்தான் வந்திருக்கிறது அக்கா' என்று சிரித்தாள்.

காரணம் இதுதான். முடி இழையின் மேல் மீன் செதில் மாதிரிச் செதில்கள் உண்டு, எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். தலையிலிருந்து ஒன்றாகக் கத்தரித்துக் கட்டிய முடியில் எல்லா இழையும் ஒரே திசையில் இருக்கும். அதைத்தான் 'ரெமி' என்பது. வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் உருவினால் லேசாகச் சொரசொரக்கும். சீப்பு முடியில் தலையும் வாலும் மாறிக் கிடக்கும், செதிலும் செதிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் அமிலத்தில் போட்டுச் செதிலையே எடுத்துவிட்டு, சிலிகான் பூசி மினுக்குகிறார்கள். கடையில் தொட்டுப் பார்த்தால் இதுதான் அதிக வழுவழுப்பாக இருக்கும். சில தடவை அலசினால் பூச்சு போய்ச் சிக்குப்பிடித்துக்கொள்ளும். ஆகவே கடைக்குப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு கொத்தை ஷாம்பூவில் அலசிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அந்தப் பந்துகளில் நம் ஊர்ப் பந்தும் இருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தெருவில் 'முடிக்குப் பாத்திரம்' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அவர்கள் வாங்கிய முடி எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து, இங்கே சிக்கெடுத்து, சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வேலையும் வருமானமும் தங்கள் நாட்டை விட்டுப் போகிறது என்று இந்தியாவில் முடித் தொழில் செய்கிறவர்கள் குறைப்பட்டார்கள். 2022 ஜனவரியில் இந்திய அரசு பதப்படுத்தாத தலைமுடி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. திருப்பதி முடி வேறு கணக்கு. அது மொட்டை அடித்தபோதே ஒரே திசையில் கிடைப்பது, தேவஸ்தானம் நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. நல்ல ரெமி முடி என்று விற்பதில் அந்தக் கோயில் முடிக்குத் தனி மதிப்பு. இங்கே இன்செயின் மார்க்கெட்டில் பர்மியப் பெண்கள் நேராக வந்து உட்கார்ந்து, நீளம் அளந்து, விலை பேசி, வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, வீட்டு வாடகை என்று ஆளுக்கு ஒரு காரணம். சாமிக்குக் கொடுத்தவளுக்குப் பணம் போகாது, குப்பை என்று கொடுத்தவளுக்கு ஒரு ஈயப் பாத்திரம், இன்செயினில் விற்றவளுக்கு மட்டும் கையில் காசு. பெரியவர் கோபப்பட வேண்டுமென்றால் இதற்குப் படட்டும், வாங்கி வைத்துக்கொண்டவள்மேல் வேண்டாம். நான் இரண்டாவது தடவை வாங்கியது இன்செயினில் நேராகக் கொள்முதல் செய்கிற ஒரு வியாபாரியிடம். விலை கூடத்தான். யார் கைக்குப் போனது என்று தெரிந்து கொடுத்தேன்.

ஆம், இரண்டாவதும் வாங்கினேன். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்ததே. இந்தத் தடவை டேப் இல்லை, பட்டையாகத் தைத்த முடி, ஐம்பது கிராமுக்குச் சற்று மேலே. கிளிப்பை நானே தைத்துக்கொண்டேன். அதில்தான் எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பட்டை என்பது முடியின் வேர்ப்பக்கத்தை மிஷினில் மூன்று ஓட்டாகத் தைத்த ஒரு நீள நாடா. அதை நம் தலை அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டினால் தையல் பிரிந்து முடி உதிர ஆரம்பிக்கும். முடி கொட்டுகிறது என்று புகார் வருகிற பட்டையில் பல, இப்படிக் கண்டபடி வெட்டியதுதான். வெட்டப்போகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் முதலில் கையால் நெருக்கித் தைத்து முடிச்சுப் போட்டுவிட்டு, நடுவில் வெட்டுங்கள். ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காதுக்குப் பின்வரை பிடரி வழியாக ஒரு துண்டு, அதற்கு இரண்டு விரல் மேலே சற்றுச் சிறிய இன்னொரு துண்டு. மெலிந்த தலைக்கு அதற்குமேல் வேண்டாம். உச்சிக்குப் போனால் மூடுவதற்குச் சொந்த முடி இல்லாமல் பட்டை தெரியும். டிக் டாக் கிளிப்பில் உள்ளே ரப்பர் வைத்தது கிடைக்கிறது, அதுதான் பிடிக்கும். பற்கள் தலையைப் பார்க்கவும் திறக்கிற வாய் மேலே இருக்கவும் வைத்து, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் கறுப்பு பாலியஸ்டர் நூலால் தையுங்கள். பருத்தி நூல் வேர்வையில் இற்றுப்போகும். ஊசியைப் பட்டையின் தையலுக்குள் குத்தாமல், தையல் கோட்டுக்குக் கீழே கொடுத்து எடுத்தால் இழை அறாது.

மாட்டுகிற நாளில் எண்ணெய் வேண்டாம். முந்தின நாளே எண்ணெய் தேய்த்து அலசிவிடுங்கள். ஒரு நாள் ஆன தலையில் கிளிப் நன்றாகப் பிடிக்கும், அன்றைக்குக் குளித்த தலையில் வழுக்கும். எண்ணெயின் ஆசை தீராதவர்கள் ராத்திரி கிளிப்பைக் கழற்றியதும் வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நான் அலசுவதற்கு சூரத்தி பஜாரில் விற்கும் தயோ கின்பூன் வாங்கினேன். மரப்பட்டையும் சீயக்காயும் சேர்த்துக் காய்ச்சிய சாறு, புது வருஷத்துக்கு முன்னால் பர்மியர்கள் தலை அலசுவதற்கு அதுதான். என் சொந்த முடிக்கு அருமை. ஒட்டுமுடிக்கு வேண்டாம், பட்டையின் தையலுக்குள் சக்கை போய் அடைத்துக்கொள்கிறது. அதற்குச் சாதா ஷாம்பூவே போதும், முக்கி எடுக்காமல் மேலிருந்து கீழே நீவி அலசித் துண்டில் ஒற்றிக் கொடியில் தொங்கவிட்டால் போதும். கரண்ட் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. டேப் தலையில் இருந்தபோது அதுதான் பெரிய பாடு. கரண்ட் இல்லாத நேரத்தில் தலைக்குக் குளித்தால் பசைக்கு அடியில் ஈரம் நின்று அரிக்கும்.

நரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஒட்டுமுடி பெரும்பாலும் கறுப்பாகத்தான் கிடைக்கும், நம் தலையோ அப்படி இல்லை. சாயம் போடுகிறவர்கள் ஒட்டுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் கறுப்புக்குத் தங்கள் தலையைக் கொண்டுவரட்டும், அதுவும் மாட்டுவதற்கு முன்னால். மருதாணி போடுகிறவர்களுக்கு நிறம் சேராது. இன்னொன்று, இங்கே வாங்கிய முடி நேராக இருக்கும், நமக்குக் கொஞ்சம் சுருள் உண்டு. விரித்துப் போட்டால் மழைக்காலத்தில் மேலே பம்மென்று, கீழே ஈர்க்குச்சியாக நிற்கும். பின்னலில் அது தெரிவதில்லை.

கல்யாணத்தில் பின்னல் நன்றாகத்தான் இருந்தது. சம்பந்தியம்மா என் முதுகுப்பக்கம் வந்து மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'சவரியா?' என்றார். 'ஆமாம், இன்செயின்' என்றேன். விலை கேட்டார், சொன்னேன். அடுத்த வாரமே அவருக்கும் தைத்துக் கொடுத்தேன். இப்போது ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் தலைக்கும் அளவு கேட்கிறார்கள்.

ஆசிரியருக்கு என் கோரிக்கை சின்னதுதான். மறுபடி இப்படி ஒரு கட்டுரை போடும்போது விலைக்குப் பக்கத்தில் எத்தனை கிராம், எண்ணெய் ஆகுமா ஆகாதா, கழற்றுவதற்கு எவ்வளவு கூலி என்பதையும் போடச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ முடி கொட்டியவர்கள் எவ்வளவு நாள் கழித்து எதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டும் போடலாம். கிளிப் தைப்பதில் சந்தேகம் உள்ளவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகவே கேட்கட்டும், பதில் எழுதுகிறேன். தாமதமானால் கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் தெருவில் கரண்ட் வந்த பிறகுதான் போனுக்குச் சார்ஜ் போட முடியும்.

இப்படிக்கு,
ரவிக்கை தைக்கும் ஒரு வாசகி,
யாங்கூன்